நில அதிர்வுத் தரவில் எரிவாயு: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி?

நில அதிர்வுத் தரவு பாய்மத்தை நேரடியாக அளப்பதில்லை. பாறையும் அதன் துளைகளில் இருப்பதும் சேர்ந்து அலையை என்ன செய்தன என்பதைத்தான் அது பதிவுசெய்கிறது. அந்தப் பதிவில் பாறைக்குப் பெரிய பங்கு, அடுக்கின் தடிமனுக்கு ஒரு பங்கு, தரவைப் பதப்படுத்திய விதத்துக்கு ஒரு பங்கு. இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் பாய்மத்தின் பங்கு. அதனால் வீச்சில் ஒரு மாற்றத்தைப் பார்த்தவுடன் "வாயு" என்று சொல்லிவிடக் கூடாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, வேறு வழியே இல்லை என்ற இடத்தில்தான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். கீழே உள்ள அறிகுறிகள் எல்லாவற்றிலும் சரிபார்க்கும் வரிசை இதுதான்: முதலில் தரவு, அப்புறம் தடிமன், அப்புறம் பாறை, கடைசியில் பாய்மம்.

எண் இல்லாமல் பேசினால் இது பிடிபடாது. அதனால் ஒரு மணலை எடுத்துக்கொண்டு, கட்டுரை முழுவதும் அதையே பயன்படுத்துகிறேன். துளைமை 30 சதவீதம். குவார்ட்ஸின் பருமக் குணகம் (அழுத்தினால் சுருங்க மறுக்கும் அளவு) 37 கிகாபாஸ்கல், உலர்ந்த பாறைச் சட்டகத்தின் பருமக் குணகம் 4, விறைப்புக் குணகம் (வடிவம் மாற மறுக்கும் அளவு) 3. உப்புநீரின் பருமக் குணகம் 2.6, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.03 கிராம். வாயுவின் பருமக் குணகம் 0.05, அடர்த்தி 0.15. இவற்றை, துளையில் உள்ள பாய்மம் மாறினால் பாறையின் குணகம் எப்படி மாறும் என்று கணிக்க 1951இல் காஸ்மன் தந்த சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். நீர் மட்டும் நிறைந்திருந்தால் பி அலை (அழுத்த அலை) வேகம் நொடிக்கு 2,548 மீட்டர், எஸ் அலை (குறுக்கு அலை) வேகம் 1,177, பாறையின் அடர்த்தி 2.16. துளைகளில் 70 சதவீதம் வாயு என்றால் பி அலை 2,034க்கு இறங்குகிறது, எஸ் அலை 1,231க்கு லேசாக ஏறுகிறது, அடர்த்தி 1.98 ஆகிறது.

மேலே மூடியிருக்கும் ஷேலுக்கு, அதாவது இறுகிய களிமண் பாறைக்கு, வேகம் 2,400, அடர்த்தி 2.25 என்று வைப்போம். ஷேலின் இம்பிடன்ஸ் (கிலோமீட்டர் கணக்கில் வேகத்தை அடர்த்தியால் பெருக்கியது) 5.40, நீர் மணலுடையது 5.51, வாயு மணலுடையது 4.03. நீர் இருந்தால் மணலின் உச்சியில் பிரதிபலிப்புக் குணகம் +0.01, அதாவது கண்ணுக்கே தெரியாது. வாயு இருந்தால் −0.146, படத்தில் பளிச்சென்று அடிக்கும். மெக்சிகோ வளைகுடாவில் 1970களில் பிரைட் ஸ்பாட்டை, அதாவது படத்தில் பளிச்சிடும் இடத்தை, தேடித் தோண்டியது இந்த நம்பிக்கையில்தான். கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டு 2009 ஏப்ரலில் உற்பத்திக்கு வந்த டி-6 வயலின் பிளியோசீன் மணலும் இப்படி இளசான, மென்மையான வகைதான்.

கிணற்றின் சிந்தெடிக் தரவோடு ஒத்துப்போகவில்லை

சிந்தெடிக் என்பது கிணற்றில் அளந்த வேகம், அடர்த்தி ஆகியவற்றிலிருந்து கணித்த செயற்கை நில அதிர்வுப் பதிவு. அது தரவோடு பொருந்தாததைச் சரிசெய்யாமல் வேறு எந்த அறிகுறிக்கும் போகாதீர்கள். கிணறே ஒத்துப்போகவில்லை என்றால் மற்றதெல்லாம் ஊகம்தான்.

முதலில் துருவம், அதாவது இம்பிடன்ஸ் கூடுவதைத் தரவு எந்த நிறத்தில் காட்டுகிறது என்பது. தரவை யார் எந்த மரபில் கொடுத்தார்கள் என்று தலைப்பில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், கடலடித் தரையைப் பாருங்கள். நீரிலிருந்து சேற்றுக்குப் போகும் அலைக்கு இம்பிடன்ஸ் கூடுகிறது. அது எந்த நிறத்தில் வருகிறதோ அதுதான் உங்கள் தரவில் 'கடினம்'. மேலே சொன்ன மென்மையான வாயு மணலின் உச்சி அதற்கு எதிர் நிறத்தில் வர வேண்டும், அடிப்பகுதி கடலடியின் நிறத்தில் வர வேண்டும். கடலடியின் பிரதிபலிப்பு ஒரே சமச்சீரான மேடாக இல்லாமல் இரண்டு சம அளவு மடல்களாகத் தெரிந்தால், வேவ்லெட், அதாவது தரவில் உள்ள அலைத் துடிப்பு, பூச்சியக் கட்டத்தில் (உச்சத்தின் இரு பக்கமும் சமச்சீராக) இல்லை. அதைத் திருத்திய பிறகு மேலே போகலாம்.

இரண்டாவது, லாக், அதாவது கிணற்றுக்குள் கருவியை இறக்கி ஆழத்தோடு எடுத்த அளவீடு. நீர் கலந்த சேற்றால் தோண்டிய கிணற்றில் சேற்றின் வடிநீர் வாயுவைத் தள்ளிவிட்டுப் பாறைக்குள் புகுந்துவிடும். அடர்த்திக் கருவி கிணற்றுச் சுவரிலிருந்து சில அங்குலம்தான் பார்க்கும். ஆகவே அது அளப்பது வாயு மணலை அல்ல, வடிநீர் புகுந்த மணலை. அதை அப்படியே வைத்துச் சிந்தெடிக் செய்தால் வாயுவின் பதில் பாதி கரைந்துபோயிருக்கும். ஆழமாகப் பார்க்கும் மின்தடை லாக்கிலிருந்து உண்மையான நீர்ச் செறிவை எடுத்து, காஸ்மன் வழியாக அடர்த்தியையும் வேகத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேருக்குத் தெரியாமல் கடந்துபோகும் பிழை. பழைய கிணறுகள் பலவற்றில் எஸ் அலை லாக் இருக்காது. உடனே காஸ்டக்னாவின் 1985ஆம் ஆண்டுச் சேற்றுப்பாறைக் கோட்டைப் போட்டுக்கொள்கிறோம்: கிலோமீட்டர் கணக்கில், பி அலை வேகம் என்பது எஸ் அலை வேகத்தின் 1.16 மடங்குடன் 1.36ஐக் கூட்டியது. கோடு நல்ல கோடுதான். ஆனால் அது நீர் நிறைந்த பாறைக்கு வரைந்த கோடு. அதில் நம் வாயு மணலின் 2,034ஐப் போட்டால் எஸ் அலை வேகம் 581 என்று வருகிறது. உண்மை 1,231. பி-எஸ் விகிதம் 1.65 இருக்க வேண்டிய இடத்தில் 3.5 ஆகிவிடுகிறது. அதிலிருந்து வரும் பாய்சன் விகிதம் (அழுத்தும்போது பக்கவாட்டில் விரியும் அளவு) 0.21க்குப் பதில் 0.46. வாயுவின் அடையாளமே தலைகீழாகிப்போய், மென்மையான களிமண் போன்ற எண் கையில் நிற்கிறது. அதை வைத்துச் செய்த சிந்தெடிக் கேதர் (ஒரே இடத்தைப் பல கோணங்களில் பதிந்த தடங்களின் தொகுப்பு) தரவோடு சண்டை போடுவதில் வியப்பே இல்லை.

சரியான வழி மூன்று படி. முதலில் வாயுப் பகுதியின் பி அலையை நீர் நிலைக்கு மாற்றுங்கள். நீர் நிலையில் அந்தக் கோட்டைப் பயன்படுத்தி எஸ் அலையைக் கணியுங்கள். நம் மணலுக்கு 1,024 வரும், உண்மைக்கு அது பக்கத்தில்தான். பிறகு இரண்டையும் சேர்த்து வாயு நிலைக்குத் திருப்புங்கள். முதல் படியில் ஒரு முடிச்சு இருக்கிறது. காஸ்மனுக்கு எஸ் அலை தெரிந்திருக்க வேண்டும், நம்மிடம் இல்லாததோ அதுதான். ஆகவே ஒரு மதிப்பை ஊகித்து, விடை நிலைபெறும்வரை திரும்பத் திரும்பக் கணிக்க வேண்டும். மென்பொருள்கள் பல இதைத் தாமாகவே செய்யும், ஆனால் செய்யச் சொல்லிப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கோட்டையும் அப்படியே எடுக்காமல், உங்கள் படுகையில் எஸ் அலை லாக் உள்ள நீர்க் கிணறுகளை வைத்து வரைந்துகொள்வது நல்லது.

வீச்சு பளிச்சென்று இருக்கிறது, ஆனால் சந்தேகமாக இருக்கிறது

துருவம் சரி என்று முடிவானபின் தடிமனைப் பாருங்கள். நம் வாயு மணலில் 30 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 68 மீட்டர். அதில் கால் பங்கு 17 மீட்டர். மணலின் தடிமன் 17 மீட்டரை நெருங்கும்போது உச்சியின் பிரதிபலிப்பும் அடியின் பிரதிபலிப்பும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து வீச்சை ஏற்றிவிடும். இதுதான் டியூனிங். வாயுவே இல்லாமல், மணல் ஓரத்தில் மெலிந்துகொண்டே போகிற இடத்தில் ஒரு பளிச் வளையம் கிடைக்கும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. உச்சிக்கும் அடிக்கும் இடையே உள்ள நேர இடைவெளியை ஓர் அச்சிலும் வீச்சை இன்னோர் அச்சிலும் வைத்துப் புள்ளிகளைப் போடுங்கள். வீச்சு ஓர் இடைவெளியில் மட்டும் உச்சத்தைத் தொட்டு, இரண்டு பக்கமும் இறங்கினால் தடிமன்தான் பேசுகிறது. அந்த வளைவைக் கழித்தபின்னும் பளிச்சென்று நிற்கும் பகுதி உண்டா, அது அமைப்பின் (வாயு தங்கும் மேடான பாறை வளைவின்) சம உயரக் கோட்டோடு நின்றுவிடுகிறதா? உண்டு என்றால் மேலே பேசலாம்.

அடுத்தது பாறை. நிலக்கரிக்கு அடர்த்தியும் குறைவு, வேகமும் குறைவு. வாயு மணலைவிடப் பெரிய எதிர்மறைப் பிரதிபலிப்பைத் தர அதனால் முடியும். ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் பெர்மியன் காலத்து நிலக்கரி அடுக்குகள்தான் படம் முழுக்க ஆள்கின்றன. அவற்றின் நடுவே உள்ள வாயு மணலின் குரல் எழும்புவதே இல்லை. நிலக்கரி இருக்கும் வரிசையில் வெறும் வீச்சு வரைபடத்தை வைத்துக் கிணறு முடிவுசெய்வது எனக்குச் சம்மதம் இல்லை. துளைமை கூடுதலான சுத்தமான நீர் மணலும், அதிக அழுத்தத்தில் அடைபட்ட ஷேலும் இதே வேடத்தில் வரும்.

இவை எல்லாவற்றையும் கழித்தபின்னும் ஒரு பெரிய சந்தேகம் பாக்கி இருக்கும்: வாயு இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான் இருக்கிறது. அதைக் கடைசியில் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

வாயுக் கிணறு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் தரவில் ஒன்றுமே இல்லை

முழு ஸ்டாக்கை (எல்லாக் கோணங்களையும் கூட்டிய படத்தை) மூடிவைத்துவிட்டு, கிட்டத்துக் கோணங்களையும் தூரத்துக் கோணங்களையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள், 5 முதல் 15 பாகை வரை ஒன்று, 25 முதல் 35 வரை ஒன்று. ரதர்ஃபோர்டும் வில்லியம்ஸும் 1989இல் வாயு மணல்களை வகுத்தபோது, ஷேலுக்கும் மணலுக்கும் இம்பிடன்ஸ் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதை இரண்டாம் வகை என்றார்கள். அதில் ஒரு ரகம் கிட்டத்துக் கோணத்தில் லேசான நேர்மறையாகத் தொடங்கி, தூரத்தில் எதிர்மறையாகத் திரும்பும். இரண்டையும் கூட்டி ஸ்டாக் செய்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். வாயு உள்ள இடம் மங்கலாகவும், நீர் உள்ள இடம் தெளிவாகவும் தெரியும். தூரத்து ஸ்டாக்கில் அதே இடம் எழுந்து நின்றால் உங்கள் சிக்கல் தீர்ந்தது.

தூரத்திலும் இல்லை என்றால் பாறையைக் கேளுங்கள். இதுவரை பேசிய மணலுக்குப் பதில் இறுகிய மணல் ஒன்றை எடுப்போம்: துளைமை 8 சதவீதம், உலர்ந்த சட்டகத்தின் பருமக் குணகம் 25, விறைப்புக் குணகம் 24. அதே நீர், அதே வாயு. நீரோடு பி அலை வேகம் சுமார் 4,870, வாயுவோடு சுமார் 4,810. மாற்றம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். மென்மையான மணலில் அது 20 சதவீதம். சட்டகமே இவ்வளவு கடினமாக இருக்கும்போது துளைக்குள் என்ன இருந்தாலும் அலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஓர்டோஸ் படுகையில் உள்ள சுலிகே வயலின் பெர்மியன் மணற்பாறை இந்த இனம். காவிரிப் படுகையில் ஆழத்தில் கிடக்கும் கிரெட்டேசியஸ் மணற்பாறைகளைப் பார்ப்பவர்களும், வீச்சை நம்பும் முன் தங்கள் கிணற்று லாக்கில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றம் தரவின் இரைச்சலைவிடச் சிறியது என்று கணக்கு சொன்னால், பாய்மத்தைத் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். துளைமை எங்கே கூடுதல், மணல் எங்கே தடிமன், விரிசல் எங்கே என்று தேடுவதற்கு அதே தரவு உதவும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. மேலே மூடி ஷேல் அல்ல, கடினமான சுண்ணாம்புப் பாறை அல்லது இறுகிய மண்பாறை. அடியில் மென்மையான வாயு மணல். அப்போது பிரதிபலிப்பு எதிர்மறையாகத் தொடங்கி, தூரம் போகப் போகக் குறையும். 1990களின் பிற்பகுதியில் காஸ்டக்னாவும் உடன் பணியாற்றியவர்களும் இதை நான்காம் வகை என்று சேர்த்தார்கள். 'தூரத்தில் வீச்சு கூடவில்லை, ஆகவே வாயு இல்லை' என்று சொல்லிப் பலர் கைவிடும் இடம் இதுதான்.

தூரத்து ஆஃப்செட்டில் வீச்சு விசித்திரமாக நடந்துகொள்கிறது

ஆஃப்செட்டோடு (அலை மூலத்துக்கும் உணர்விக்கும் உள்ள தூரத்தோடு) வீச்சு மாறும் விதத்தை, அதாவது ஏ.வி.ஓ.வை, பார்க்கும்போது நான் ஸ்டாக்கைவிடக் கேதரோடுதான் அதிக நேரம் செலவிடுவேன். மணல் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள சாதாரண ஷேல் பிரதிபலிப்புகளை முதலில் பாருங்கள். அவையும் தூரத்தில் கூடிக்கொண்டே போனால், வீச்சைச் சமன்செய்ததில் பிசகு இருக்கிறது. எல்லா அடுக்கிலும் வாயு இருக்க முடியாது அல்லவா? கிணற்றின் சிந்தெடிக் கேதரை வைத்து, நீர் அடுக்குகளின் போக்குக்குத் தரவைப் பொருத்திய பிறகுதான் மணலின் போக்கைப் படிக்க வேண்டும்.

அப்புறம் நேராக்கம், அதாவது தூரத்துத் தடங்களில் தாமதமாக வரும் பிரதிபலிப்பைத் திருத்தி மட்டமாக்குவது. கேதரில் பிரதிபலிப்புகள் கிடைமட்டமாக இருக்க வேண்டும். தூரத்துத் தடங்களில் அவை ஹாக்கி மட்டை போல மேலே வளைந்தால், ஷேலில் கிடைத்திசை வேகம் செங்குத்து வேகத்தைவிடக் கூடுதல் என்று பொருள். அதைத் திருத்தாமல் சரிவை (கோணத்தோடு வீச்சு மாறும் வீதத்தை) கணிக்கக் கூடாது. எவ்வளவு பாதிக்கும் என்று கேட்டால், 30 ஹெர்ட்ஸ் அலையில் 4 மில்லிநொடி விலகல் சுழற்சியில் 0.12 பங்கு, அதாவது 43 பாகை. 43 பாகையின் கோசைன் 0.73. தூரத்துத் தடத்தில் நீங்கள் படிக்கும் வீச்சு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத 4 மில்லிநொடி ஒரு வாயு மணலை நீர் மணலாக்கப் போதும்.

வேகம் தவறாக இருந்தால் ஆஃப்செட்டிலிருந்து கோணம் கணிப்பதும் தவறும். நேராக்கம் தூரத்துத் தடங்களை இழுத்து நீட்டுவதால் அங்கே அதிர்வெண் குறையும். நீட்சி அதிகமான பகுதியை வெட்டிவிடுங்கள். சேதமான தடத்தைத் திருத்தி வைத்துக்கொள்வதைவிட விட்டுவிடுவது மேல். கடலடியிலிருந்து மீண்டும் மீண்டும் எதிரொலித்து வரும் அலைகள் கேதரில் கீழ்நோக்கி வளைந்து கிடக்கும். அவை உங்கள் மணலை எந்த ஆஃப்செட்டில் குறுக்கே வெட்டுகின்றனவோ அங்கே வீச்சு துள்ளும்.

வெட்டுத்துண்டு-சரிவு வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் ஒரே நீள்வட்டத்தில் கிடக்கின்றன

பூச்சியக் கோணத்து வீச்சை வெட்டுத்துண்டு என்றும், கோணத்தோடு அது மாறும் வீதத்தைச் சரிவு என்றும் எடுத்து வரைந்திருப்பீர்கள். நீர் நிறைந்த பாறைகள் மையத்தின் வழியாக, மேல் இடமிருந்து கீழ் வலத்துக்கு ஒரு பட்டையாக விழும், வாயு அதிலிருந்து விலகி விழும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஆனால் இரைச்சலும் அதே திசையில்தான் நீளும். பூச்சியக் கோணத்தில் யாரும் அளப்பதில்லை; அளந்த கோணங்களிலிருந்து ஒரு கோட்டைப் பின்னோக்கி நீட்டித்தான் வெட்டுத்துண்டை எடுக்கிறோம். கோடு கொஞ்சம் செங்குத்தாகச் சாய்ந்தால் வெட்டுத்துண்டு இறங்கும், படுத்தால் ஏறும். ஆகவே பாறை எதுவாக இருந்தாலும் பிழை இரண்டுக்கும் எதிரெதிராகவே விழும்.

இரண்டையும் பிரிக்க, கோண வரம்பை மாற்றிப் பாருங்கள். 5-30க்குப் பதில் 5-40 என்று வைக்கும்போது பட்டையின் சாய்வு கணிசமாகத் திரும்பினால் அது இரைச்சல். பாறை தந்த சாய்வு அவ்வளவு சீக்கிரம் அசையாது. மணலே இல்லாத ஒரு பகுதியிலிருந்தும் இதே வரைபடத்தைப் போட்டு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால், ஸ்மித்தும் கிட்லோவும் 1987இல் முன்வைத்த பாய்மக் காரணி (நீர்ப் பாறைகளின் போக்கிலிருந்து விலகுவதை அளக்கும் எண்) போல எந்தப் பண்பைக் கணித்தாலும் இதே இரைச்சல் வேறு நிறத்தில் வரும், அவ்வளவுதான்.

கிடைமட்டமாக ஒரு கோடு தெரிகிறது, அது வாயு-நீர் எல்லையா?

வட கடலில் டிரோல், ஃப்ரிக் வயல்களில் தெரிந்த கிடைமட்டக் கோடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் மீது தனிப் பிரியம் உண்டு. அந்தப் பிரியம் நியாயமானதே. பாறை அடுக்குகளை வெட்டிக்கொண்டு மட்டமாக நிற்கக்கூடிய இயற்கையான எல்லைகள் குறைவு, வாயு-நீர் எல்லை அவற்றில் ஒன்று. நம் மணலில் அந்த எல்லையின் பிரதிபலிப்பு +0.156, அதாவது கடலடியின் நிறம். எதிர் நிறத்தில் இருந்தால் அது எல்லை அல்ல.

நிறம் சரியாக இருந்தால் அது எவ்வளவு மட்டமாக இருக்கிறது என்று அளந்து பாருங்கள். நேர அச்சில் உள்ள படத்தில் அது முழு மட்டமாக இருக்கவே கூடாது. காரணம், வாயு அலையை மெதுவாக்குகிறது. அமைப்பின் உச்சியில் 50 மீட்டர் வாயு இருந்தால் இருவழி நேரம் 49 மில்லிநொடி. அதே 50 மீட்டர் நீர் மணலில் 39. மேலே உள்ள வேகம் எங்கும் ஒன்றாக இருந்தால், எல்லைக் கோடு நடுவில் 10 மில்லிநொடி தொய்ந்து, ஓரத்தில் ஏறியிருக்க வேண்டும். தடித்த வாயுத்தொகுதிக்கு அடியில் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேராக ஒரு கோட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும்.

அப்படிப்பட்ட கோடு பெரும்பாலும் கடலடியின் மறுஎதிரொலி. கடல் ஆழம் 375 மீட்டர் என்றால் கடலடி அரை நொடியில் வரும், மறுஎதிரொலி ஒரு நொடியில் வரும். கடலடி நேரத்தை இரண்டால் பெருக்கி, கோட்டின் நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

இன்னும் இரண்டு போலிகள் உண்டு. ஓப்பல்-ஏ என்ற சிலிக்கா, வெப்பத்தால் ஓப்பல்-சி.டி.யாக மாறும் எல்லை கடலடி நிறத்திலேயே, அடுக்குகளை வெட்டிக்கொண்டு வரும். நார்வேயின் கடலோரத்தில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது அமைப்பின் மூடிய எல்லையைத் தாண்டி வெகுதூரம் ஓடும், வாயு-நீர் எல்லை அப்படி ஓடாது. மற்றது வாயு ஹைட்ரேட்டின் (நீரும் வாயுவும் பனிக்கட்டி போல உறைந்த பொருளின்) அடி எல்லை. கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் 2006இல் ஜோய்டிஸ் ரெசொல்யூஷன் கப்பல் அங்கே துளையிட்டது. அது கடலடிக்கு எதிர் நிறத்தில், கடலடியின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்தொடரும். இரண்டு அடையாளமும் சேர்ந்தால் குழப்பத்துக்கு இடமில்லை.

எல்லைக் கோடு உண்மையாகவே இருந்தாலும், வாயு கசிந்துபோன பழைய வயலிலும் அது அழியாமல் நிற்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

இன்வெர்ஷன் எங்கு பார்த்தாலும் வாயு காட்டுகிறது

இன்வெர்ஷன் என்பது தரவிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பாறையின் இம்பிடன்ஸைக் கணிப்பது. பதிவான தரவில் சுமார் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இம்பிடன்ஸின் முழு மதிப்பு வேண்டும் என்றால் அந்த இடைவெளியைக் கிணறுகளிலிருந்து நிரப்ப வேண்டும். வயலில் இருக்கும் ஒரே கிணறு வாயுக் கிணறாக இருந்து, அதன் குறைந்த இம்பிடன்ஸை அடுக்கின் நெடுகப் பரப்பினால், விடையில் வாயு பரவலாக வரும். அது தரவு சொன்ன வாயு அல்ல, நாம் உள்ளே வைத்த வாயு.

வாயுக் கிணற்றை விலக்கிவிட்டு, நீர் நிலைக்கு மாற்றிய லாக்குகளால் மட்டும் பின்னணி மாதிரியைக் கட்டி மறுபடியும் ஓட்டுங்கள். வாயு அந்தக் கிணற்றில் தானாகத் திரும்பி வருகிறதா? வந்தால் நம்பலாம். வராவிட்டால் அந்தப் பகுதியில் முழு மதிப்பைப் பேசாமல், ஒப்பீட்டு இம்பிடன்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அமைப்பின் நடுவே படமே கலங்கிக் கிடக்கிறது

மேலே ஆழம் குறைந்த இடத்தில் வாயு கசிந்து, பி அலையை உறிஞ்சிச் சிதறடிக்கிறது. அதற்கு அடியில் உள்ள வீச்சு எதையும் அளவாக எடுக்காதீர்கள். எஸ் அலை பாய்மத்தைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பதால், கடலடியில் உணர்விகளை வைத்து, பி-யாகப் போய் எஸ்-ஆகத் திரும்பும் அலையைப் பதிவுசெய்தால் படம் தெளியும். வட கடலின் டொம்மலிடன் வயலில் 1990களில் இப்படித்தான் வாயு மேகத்தின் அடியில் பார்த்தார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது, தோண்டினால் நுரைத்த நீர்தான் வந்தது

இதுதான் கடினமான நோய். துருவம் சரி, தடிமன் சரி, தூரத்தில் வீச்சு கூடுகிறது, எல்லைக் கோடுகூட இருக்கிறது. கிணற்றில் கிடைப்பதோ 10 சதவீத வாயுவும் 90 சதவீத நீரும். வணிகத்துக்கு அது பயன்படாது.

நம் மணலுக்கே திரும்பி, வாயுவை 10 சதவீதமாக்கிக் கணக்குப் போடுவோம். பி அலை வேகம் 2,548லிருந்து 2,064க்கு விழுகிறது. 70 சதவீத வாயுவில் அது 2,034. முதல் பத்து சதவீதத்தில் 484 மீட்டர் போய்விட்டது, அடுத்த அறுபதுக்கு வெறும் 30 மீட்டர். டொமெனிகோ 1970களிலேயே காட்டிய விஷயம் இது. நீரும் வாயுவும் நன்றாகக் கலந்திருக்கும்போது, கலவையின் அமுங்குதன்மையை வாயுதான் முடிவுசெய்கிறது. கொஞ்சம் இருந்தாலே போதும். பி-எஸ் விகிதம் நீரில் 2.16, பத்து சதவீதத்தில் 1.74, எழுபதில் 1.65. மணலின் உச்சியில் பிரதிபலிப்பு −0.10, முழு வாயுவின் −0.146இல் மூன்றில் இரண்டு பங்கு. வீச்சு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருப்பதை, மணல் கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்று விளக்கிவிட முடியும்.

அடர்த்திதான் வித்தியாசத்தைக் காட்டுகிறது. நீர் மணலின் 2.16, பத்து சதவீத வாயுவில் 2.14, எழுபதில் 1.98. ஒரு சதவீத மாற்றத்துக்கும் எட்டரை சதவீத மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. அப்படியானால் தரவிலிருந்து அடர்த்தியை எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் அதற்கு 45 பாகையை எட்டும் சுத்தமான கோணங்கள் வேண்டும். மேலே தூரத்து ஆஃப்செட்டைப் பற்றிச் சொன்ன நோய்கள் எல்லாம் கூடாரம் போட்டிருப்பது அங்கேதான். அடர்த்தி வரைபடத்தை யாராவது காட்டினால், எத்தனை பாகை வரை தரவு இருந்தது, கேதர் அங்கே நேராக இருந்ததா என்ற இரண்டையும் கேளுங்கள்.

வாயு நீரோடு நன்றாகக் கலக்காமல் திட்டுத் திட்டாக இருந்தால் வேகம் படிப்படியாக இறங்கும், அப்போது அளவைச் சொல்ல ஓரளவு வழி உண்டு. ஆனால் கலந்திருக்கிறதா, திட்டாக இருக்கிறதா என்பதைத் தரவு சொல்லாது. நார்வேயின் ஸ்லைப்னரில் 1996 முதல் உட்சீரா மணலில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திவருகிறார்கள். எவ்வளவு செலுத்தினார்கள் என்பது தெரிந்த கணக்கு, திரும்பத் திரும்ப எடுத்த நில அதிர்வுப் படங்களில் அது பளிச்சென்று தெரியவும் செய்கிறது. அங்கேகூட அடுக்கு அடுக்காக எவ்வளவு செறிவு என்று பிரித்துச் சொல்வது எளிதாக இல்லை. தெரியாத ஒரு வயலில் வீச்சை மட்டும் வைத்து '65 சதவீத வாயு' என்று அறிக்கையில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

இந்த இடத்தில் மின்காந்த அளவீட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆர்ச்சியின் உறவுப்படி மின்தடை, நீர்ச் செறிவின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறும். பத்து சதவீத வாயுவில் மின்தடை 1.23 மடங்குதான், அதாவது கிட்டத்தட்ட நீர். எழுபதில் 11 மடங்கு. அலை எங்கே குருடாகிறதோ அங்கே மின்தடை கண் திறக்கிறது. 2000இல் அங்கோலாக் கடலில் முதன்முதலாகச் சோதித்த, கடலடியில் உணர்விகளை வைத்து மேலே மின்புலம் மூட்டும் அளவீடு இதற்காகவே பயன்படுகிறது. அதன் கூர்மை குறைவு, மெல்லிய மணலும் அதிக ஆழமும் அதற்கு ஒத்துவராது, ஆழமில்லாத கடலில் காற்று வழியாக வரும் சமிக்ஞை தொந்தரவு செய்யும். ஆகவே மணலின் வடிவத்தை நில அதிர்வுத் தரவிலிருந்து எடுத்து, அந்த வடிவத்துக்குள் மின்தடையை மட்டும் தேடச் சொல்லி இரண்டையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். உப்பு, எரிமலைப் பாறை, இறுகிய சுண்ணாம்பு ஆகியவையும் மின்தடையை ஏற்றும் என்பதால், பக்கத்துக் கிணற்றின் மின்தடை லாக்கைப் பார்த்த பிறகே அந்த அளவீட்டுக்குச் செலவு செய்யுங்கள்.